டயருக்கு முன்பே கிரவுன் பினியன்

கரடுமுரடான பாதைக்கென்று வாங்கும் நான்கு சக்கர இயக்க வண்டியில் டயரின் விட்டத்தையும் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் வீல், பினியன் பற்களின் விகிதத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். வண்டியை வடிவமைத்தவர்கள் அப்படித்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கோவையில் வேரூன்றியிருக்கும் பழக்கமோ இதற்கு நேர் எதிரானது. மகிந்திரா தார், ஜிப்ஸி, ஜிம்னி, பழைய ஜீப் என எதுவானாலும் வாங்கிய கையோடு முதலில் மாறுவது டயர்தான். பீளமேட்டில் அவிநாசி சாலையோரம் சற்று நேரம் நின்றாலே, மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் டயர்களோடு போகும் வண்டிகள் கண்ணில் படும். அவற்றில் அச்சுப் பல்லையும் மாற்றிக்கொண்டவை மிக அரிது.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கருத்து நிற்கிறது: டயர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, கியர் தானாகச் சமாளித்துக்கொள்ளும். அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஐந்து. இன்றைய டீசல் என்ஜினுக்கு இழுவை ஏராளம். அது போதாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆழமான குறைப்பைத் தரும் ஃபோர் லோ இருக்கிறது. அகன்ற டயர் மண்ணை நன்றாகப் பிடிக்கும். நெடுஞ்சாலையில் என்ஜின் நிதானமாகச் சுற்றுவதால் மைலேஜ் கூடும். வண்டியின் வயிறு தரையிலிருந்து உயரும். இவற்றில் கடைசி ஒன்றுதான் உண்மை. அதற்கும் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதை டயர் விற்கும் இடத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

என்ஜின் தரும் முறுக்கு விசை கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், அச்சு என்று மூன்று இடங்களில் பெருகிச் சக்கரத்தை அடைகிறது. பினியனில் 8 பல், கிரவுன் வீலில் 43 பல் என்றால் விகிதம் 5.38, 8-க்கு 39 என்றால் 4.88. எண் கூடக்கூடச் சக்கரம் மெதுவாகவும் வலுவாகவும் சுற்றும். சக்கரத்தை அடைந்த முறுக்கு, தரையைத் தள்ளும் விசையாக மாறும்போது சக்கரத்தின் ஆரத்தால் வகுபடுகிறது. ஆரம் கூடினால் விசை குறையும். ஆகவே பெரிய டயர் மாட்டுவதும் அச்சு விகிதத்தைக் குறைப்பதும் ஒரே செயல். பழைய விட்டத்தைப் புதிய விட்டத்தால் வகுத்து அச்சு விகிதத்தோடு பெருக்கினால், டயர் மாறிய பிறகு அந்த வண்டிக்கு மிஞ்சும் விகிதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதற்குத் தாளும் பென்சிலும் போதும்.

விட்டத்தை டயரின் பக்கச்சுவரில் உள்ள எழுத்திலிருந்தே கணக்கிடலாம். 2010-இல் வந்த மகிந்திரா தாரின் டயர் 235/70 ஆர் 16. அகலம் 235 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, அதாவது 164.5 மி.மீ.; ரிம் 16 அங்குலம், அதாவது 406 மி.மீ. பக்கச்சுவரை மேலும் கீழுமாக இருமுறை கூட்டினால் விட்டம் 735 மி.மீ. அந்த வண்டிக்குப் பலர் மாட்ட விரும்பும் 33 அங்குல டயரின் விட்டம் 838 மி.மீ. விட்டம் 14 விழுக்காடு கூடுகிறது. தரையில் கிடைக்கும் தள்ளு விசை 12 விழுக்காடு குறைகிறது. ஜிப்ஸியின் 205/70 ஆர் 15 டயர் 668 மி.மீ. அதன் இடத்தில் 31 அங்குல டயர் ஏறினால் விட்டம் ஏறத்தாழ 18 விழுக்காடு கூடும். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின் அதிகபட்சமாகத் தருவதே 103 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்கு 4500 சுற்றில்தான். இந்த டயர் மாற்றம் அந்த என்ஜினை 87 நியூட்டன் மீட்டர் என்ஜினாக மாற்றியதற்குச் சமம். தன் வண்டியின் என்ஜினில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைக் கழற்றி எறிய யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். டயர் என்ற பெயரில் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

பம்ப்செட்டுக்குப் பெயர்போன ஊரில் இந்தக் கணக்கு புரியாமல் போவதற்கு நியாயமே இல்லை. இம்பெல்லரின் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் மோட்டார் இழுக்கும் பவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பதும், மோட்டாரை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய இம்பெல்லர் போட்டால் காயில் கருகும் என்பதும் பீளமேட்டுப் பட்டறைகளில் பாலபாடம். சுற்றும் பொருளின் விட்டத்தை, அதைச் சுற்றவைக்கும் பொருளைக் கேட்காமல் கூட்டக் கூடாது என்ற அதே விதிதான் வண்டிக்கும்.

அச்சு விகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜீப்பின் வரலாறே சான்று. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்பி ஜீப்பின் அச்சு விகிதம் 4.88. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 1.97. முதல் கியரின் 2.665-ஐயும் சேர்த்துப் பெருக்கினால், என்ஜின் ஏறத்தாழ 26 சுற்றுச் சுற்றச் சக்கரம் ஒரு சுற்று. போர் முடிந்த 1945-இல் அதே ஜீப்பை உழவுக்கும் தோட்ட வேலைக்கும் விற்க வில்லிஸ் முடிவு செய்து சிஜே-2ஏ என்ற வண்டியைக் கொண்டுவந்தது. டயர் அதே 6.00-16. ஆனால் அச்சு விகிதம் 5.38 ஆனது, லோ விகிதம் 2.43 ஆனது, முதல் கியரும் 2.798 ஆக ஆழமானது. இப்போது என்ஜினின் ஏறத்தாழ 37 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. என்ஜின் 1000 சுற்றில் ஓடும்போது ராணுவ ஜீப் மணிக்கு ஏறத்தாழ 5.4 கிலோமீட்டர் போகும். தோட்டத்து ஜீப் நான்குக்கும் குறைவான வேகத்தில் நகரும். கரடான நிலத்தில் மெதுவாக, பாரத்தோடு, கிளட்சை மிதிக்காமல் போக வேண்டும் என்ற தேவை வந்தபோது அந்த நிறுவனம் டயரைத் தொடவில்லை, பல்லை மாற்றியது. 1940-களின் பிற்பகுதியில் மகிந்திரா இந்தியாவில் ஜீப்பைக் கூட்டத் தொடங்கியது. பிறகு நீண்ட காலம் இங்கே ஓடிய சிஜே-3பி வண்டிகளின் அச்சிலும் இருந்தது அதே 43-க்கு 8 பல்தான்.

இப்போது அந்தப் பழைய ஜீப்புக்கு 33 அங்குல டயர் மாட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். 6.00-16 டயரின் விட்டம் சுமார் 730 மி.மீ. 5.38-ஐ 730-ஆல் பெருக்கி 838-ஆல் வகுத்தால் கிடைப்பது 4.69. போர்க்கால ஜீப்பின் 4.88-ஐ விடவும் குறைவு. தோட்டத்துக்கென்று வில்லிஸ் கொடுத்த பல்லின் பலன் முழுவதும் போய், அதற்கும் கீழே வண்டி இறங்கிவிட்டது. கரடுமுரடுப் பாதைக்காகச் செய்ததாகச் சொல்லப்படும் மாற்றம், கரடுமுரடுப் பாதைக்கான குணத்தையே வண்டியிலிருந்து பிடுங்கிவிடுகிறது.

இனி இழுவை ஏராளம் என்ற வாதம். 2020-இல் வந்த புதிய தாரின் 2.2 லிட்டர் டீசல் என்ஜின் 300 நியூட்டன் மீட்டர் தருகிறது என்பது உண்மை. ஆனால் அது எங்கே கிடைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 1600 முதல் 2800 சுற்று வரைதான் அந்த எண். முந்தைய தாரின் 247 நியூட்டன் மீட்டர் 1800 முதல் 2000 சுற்று வரை. அதற்குக் கீழே டர்போ முழுதாக விழித்திருக்காது. பாறைப் படியில் ஏறும் வண்டி 1000, 1200 சுற்றில் இருக்கும். அங்கே கையில் உள்ள இழுவை விளம்பரத்தில் உள்ளதைவிட வெகுவாகக் குறைவு. பெரிய டயரோ, அதே வேகத்தில் என்ஜினின் சுற்றை இன்னும் கீழே தள்ளுகிறது. இழுவை மெலிந்த இடத்துக்கு என்ஜினைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அங்கே கூடுதல் பாரத்தையும் ஏற்றுவதாகிறது. ஓட்டுபவர் செய்யக்கூடியது இரண்டே. ஒன்று, வேகத்தைக் கூட்டிப் பாறையில் மோதி ஏறுவது. மற்றது, கிளட்சைப் பாதி மிதித்து அரைப்பது. முதலாவது அச்சை முறிக்கும். இரண்டாவது கிளட்ச் பிளேட்டைக் கருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்தச் சூடு டார்க் கன்வெர்ட்டரின் எண்ணெயில் போய்ச் சேரும்.

ஃபோர் லோ இருக்கிறதே என்ற வாதம் இன்னும் பலவீனமானது. லோ விகிதம் ஒரு மாறாத எண். டயர் பெரிதானால் அதன் பலனும் அதே அளவு குறையும். முதல் கியர் முதல் ரிவர்ஸ் வரை எல்லாமே குறையும். தவிர, பகுதிநேர நான்கு சக்கர இயக்க வண்டியில் ஃபோர் லோவைக் காய்ந்த கெட்டிச் சாலையில் போட்டு வளைவுகளில் திருப்ப முடியாது. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். கொங்கு நாட்டில் இந்த வண்டிகளின் கடினமான வேலையில் பெரும்பகுதி காட்டுக்குள் நடப்பதில்லை. ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் காட்டுக்குள் புகுந்து வண்டி ஓட்டி விளையாட இடமில்லை, இருக்கவும் கூடாது. எஸ்டேட் பாதை, தோட்டத்து இட்டேரி, பள்ளத்தைத் தாண்டும் மண்வழி, இவற்றை அடைவதற்கு முன்னால் ஏறி இறங்க வேண்டிய மலைச்சாலை, இவைதான் இங்குள்ள நிலம். அந்த மலைச்சாலையில் ஃபோர் லோ உதவாது. சாதாரண இரண்டாவது, மூன்றாவது கியர்கள்தாம் உதவ வேண்டும். பெரிய டயர் முதலில் கெடுப்பது அவற்றைத்தான்.

டிராக்டரைப் பாருங்கள், அதன் சக்கரம் எவ்வளவு பெரிது என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். பதில் டிராக்டரின் பின் அச்சுக்குள்ளேயே இருக்கிறது. கிரவுன் பினியனைத் தாண்டிய பிறகும், சக்கரத்துக்குச் சற்று முன்னால், புல் கியர் அல்லது கோள் கியர் அமைப்பில் இன்னொரு பெரிய குறைப்பு அங்கே நடக்கிறது. அந்தக் கியர் இல்லாமல் அந்தச் சக்கரம் இல்லை. மெர்சிடிஸின் உனிமாக் வண்டியிலும் சக்கர மையத்திலேயே தனிக் கியர் உண்டு. பெரிய சக்கரத்தைக் கொடுத்த ஒவ்வொரு வடிவமைப்பாளரும் அதற்கான கியரையும் கூடவே கொடுத்திருக்கிறார்.

இக்காலத்துச் சான்று வேண்டுமென்றால் ஜீப் ரேங்லர் ரூபிகானை எடுத்துக்கொள்ளலாம். 285/70 ஆர் 17 டயரோடு வரும் அந்த வண்டியின் அச்சு விகிதம் 4.10, லோ விகிதம் 4. அமெரிக்காவில் அதே வண்டிக்கு 35 அங்குல வகையான 315/70 ஆர் 17 டயரைத் தொழிற்சாலையிலேயே மாட்டிக் கொடுக்க ஜீப் நிறுவனம் முன்வந்தபோது அச்சு விகிதத்தை 4.56 ஆக்கியது. டயரின் விட்டம் கூடியது 5 விழுக்காடு; கியரை ஆழமாக்கியது 11 விழுக்காடு. கூடுதலான 6 விழுக்காட்டுக்குக் காரணம் இருக்கிறது. பெரிய டயர் உயரமானது மட்டுமல்ல, கனமானதும்கூட. அந்தக் கனம் விளிம்பில் இருப்பதால் சுற்றத் தொடங்கவும் நிறுத்தவும் அதிக விசை கேட்கும். டயர் மேற்பரப்பின் முரட்டுக் கட்டைகள் உருளும் எதிர்ப்பையும் கூட்டும். விட்டக் கணக்கு சொல்வதைவிட உண்மையான இழப்பு அதிகம் என்பதை டயரும் வண்டியும் சேர்த்துச் சோதிக்க வசதியுள்ள நிறுவனமே இப்படி ஒப்புக்கொண்டிருக்கிறது. இங்கே 14 விழுக்காடு கூட்டிவிட்டு ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறார்கள்?

ஏறுவதைப் பற்றி இவ்வளவு பேச்சு இருக்க, இறங்குவதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. இந்தக் கருத்தின் மிகப் பெரிய குற்றம் இதுதான். கோவையைச் சுற்றிப் பல பக்கமும் மலை. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36. நாமக்கல் பக்கம் கொல்லிமலைக்கு 70. நீலகிரிச் சாலைகளில் இரண்டாவது கியரிலேயே இறங்கச் சொல்லும் பலகைகள் நிற்கின்றன. கல்லட்டி வழியில் வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்ததும் அங்கே நடந்த உயிர்ப்பலி விபத்துகளுக்குப் பிறகுதான். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் வண்டி என்ன ஆகும் என்பதை இந்த மலைகள் பலமுறை காட்டியிருக்கின்றன.

இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது என்ஜின். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜின் தரும் எதிர்ப்பு, கியர்களின் வழியாகப் பெருகிச் சக்கரத்தை அடைந்து வண்டியைத் தடுக்கிறது. இங்கும் அதே கணக்குதான்: ஆரத்தால் வகு. டயர் 14 விழுக்காடு பெரிதானால் இரண்டாவது கியரின் பிடிப்பு 12 விழுக்காடு குறையும். அதே வேகத்துக்கு என்ஜினின் சுற்றும் குறைவதால் என்ஜின் தரும் எதிர்ப்பும் சற்றுக் குறையும். இரண்டு இழப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். குறைந்ததை ஈடுகட்ட ஓட்டுபவர் பிரேக்கை அதிகம் மிதிப்பார். பிரேக்கின் நிலையோ இன்னும் மோசம். டிஸ்க்கும் டிரம்மும் பழைய அளவிலேயே இருக்க, அவை தரும் அதே முறுக்கு பெரிய ஆரத்தால் வகுபடுவதால் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசையும் 12 விழுக்காடு குறைகிறது. நிறுத்த வேண்டிய டயரின் கனமோ கூடியிருக்கிறது. வண்டியின் ஈர்ப்பு மையமும் மேலே போயிருக்கிறது; கொண்டை ஊசியில் வண்டி முன்பைவிடச் சாயும். என்ஜின் பிடிப்பு, பிரேக்கின் பிடிப்பு, வளைவில் நிலைப்பு ஆகிய மூன்றையும் ஒரே நாளில், ஒரே கடையில் குறைத்துக்கொண்டு, குழந்தைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து வால்பாறையிலிருந்து இறங்குவது பொறுப்பான செயல் ஆகாது. கிரவுன் பினியனை மாற்றினால் என்ஜின் பிடிப்பு திரும்பி வரும். பிரேக்கில் இழந்தது அப்போதும் திரும்பாது. பல்லை மாற்ற வழி உள்ளவர்களும் டயரில் அடக்கம் காட்ட வேண்டியது இதனால்தான்.

அகன்ற டயர் மண்ணை அதிகம் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு அடிப்படைப் பிழை இருக்கிறது. டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் மேல் உள்ள பாரமும் உள்ளே உள்ள காற்றழுத்தமும்தான். ஒரு சக்கரத்தின் மேல் 440 கிலோ பாரம், காற்று 32 பிஎஸ்ஐ என்றால் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். அதே அழுத்தத்தில் அகன்ற டயரை மாட்டினாலும் பரப்பு ஏறத்தாழ அதுவேதான். அகலம் கூடிய அளவு நீளம் குறைந்துவிடும். பழைய டயரிலேயே காற்றை 18 பிஎஸ்ஐ ஆக இறக்கினால் பரப்பு முக்கால் பங்கு அளவுக்குக் கூடும். கூடும் பரப்பில் பெரும்பகுதி நீளவாக்கில் அமையும். இழுவைக்கு வேண்டியது அந்த நீளம்தான். இதற்குச் செலவு ஒரு டயர் அழுத்தமானியும் கையடக்கக் கம்ப்ரசரும். மறுபடி கெட்டிச் சாலை ஏறுமுன் காற்றை நிரப்பியாக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும், திருப்பத்தில் ரிம்மை விட்டுக் கழலவும் கழலும்.

மண்ணைப் பொறுத்தும் இந்த நம்பிக்கை பொய்க்கிறது. பல்லடம், உடுமலை வட்டாரத்துக் கரிசலில் மழைக்குப் பிறகு மேல்மண் பசையாக ஒட்டும். அடியில் கெட்டி இருக்கும். குறுகிய டயர் பசையை அறுத்துக்கொண்டு கெட்டியைத் தொடும். அகன்ற டயர் பசையின் மேலேயே மிதந்து வழுக்கும். கட்டைகளுக்கு இடையே மண் அப்பி, கொஞ்ச நேரத்தில் மொழுக்கென்று ஆகிவிடும். செம்மண்ணும் ஓடைக்கல்லும் கலந்த இட்டேரியில் அகலத்தால் பெரிதாக ஒரு லாபமும் இல்லை. அகலம் உதவும் இடம் ஆழமான உலர்மணல். அது இந்த வட்டாரத்து வண்டிகளின் அன்றாடப் பாதை அல்ல. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லே பாதையாகக் கிடக்கும் வழியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் ஏறி இறங்கும் பழைய மகிந்திரா ஜீப்புகள், ஆழமான கியரையும் அளவான டயரையும் வைத்துத்தான் பிழைப்பு நடத்துகின்றன. வண்டி உடைந்தால் அன்றைய வருமானம் போய்விடும் என்ற நிலையில் உள்ளவர்களின் தேர்வு அது. வேறெந்த வாதத்தையும்விட அதற்கு எடை அதிகம்.

மைலேஜ் வாதத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஐந்தாம் கியரில் என்ஜினின் சுற்று குறையும் என்பது சரி. ஆனால் பெட்டி வடிவ வண்டியைக் காற்று தடுப்பது குறையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்றை எதிர்த்து வாளையார் பக்கம் போகும் வண்டி ஐந்தாம் கியரில் திணறும். ஓட்டுபவர் நான்காவதுக்கு இறங்குவார். மிச்சப்பட்டதாக நினைத்த டீசல் அங்கே போய்விடும். ஸ்பீடோமீட்டரும் தவறாகக் காட்டும். 14 விழுக்காடு பெரிய டயரோடு முள் 80-இல் நிற்கும்போது வண்டி 91-இல் ஓடிக்கொண்டிருக்கும்.

உயரம் கூடும் என்பது உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. சஸ்பென்ஷனை உயர்த்தினால் சேசிஸ்தான் மேலே போகும்; அச்சின் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சையே மாற்றாமல் அதை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே. ஆனால் கிடைக்கும் உயரம் விட்டத்தில் கூடியதில் பாதிதான். 735-லிருந்து 838 ஆனால் 51 மி.மீ., இரண்டு அங்குலம். அந்த இரண்டு அங்குலம் ஒரு கல்லைத் தாண்ட உதவும். கல்லைப் பார்த்து, சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றி, குண்டு படாமல் மெதுவாக இறக்கத் தெரிந்தவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. அப்படி மெதுவாக இறக்கத் தேவையான கியரைத்தான் பெரிய டயர் எடுத்துக்கொள்கிறது.

எதிர்த் தரப்பில் நியாயமான ஒரு அச்சம் இருக்கிறது: பல்லை ஆழமாக்கினால் முறுக்கு கூடி ஆக்சில் ஷாஃப்ட் முறியாதா? ஷாஃப்ட் தாங்க வேண்டிய உச்ச முறுக்கைத் தீர்மானிப்பது, சக்கரம் வழுக்குவதற்கு முன் தரை தாங்கும் விசையும் சக்கரத்தின் ஆரமும். பிடிமானம் உள்ள இடத்தில் லோ கியரில் என்ஜின் சக்கரத்தை எப்படியும் வழுக்கும் அளவுக்குத் திருப்பிவிடும். பல் விகிதம் அந்த உச்சத்தை மாற்றாது. ஆரம் மாற்றும். ஆக்சில் ஷாஃப்டை முறிப்பது பெரிய டயர்தான். ஆழமான பல்லோ கிளட்ச், கியர்பாக்ஸ், புரொபெல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றின் சுமையைக் குறைக்கிறது. அந்த அச்சத்தில் உண்மையான பகுதி வேறொன்று. கிரவுன் வீலின் அளவு மாறாமல் விகிதத்தை மட்டும் கூட்டினால் பினியன் சிறுத்து, பற்கள் குறையும், பினியன் பலவீனமாகும். எனவே மிகப் பெரிய டயரைப் போட்டு, அதை மிக ஆழமான பல்லால் சரிக்கட்டுவது என்ற வழியும் ஓர் எல்லையில் முட்டி நின்றுவிடுகிறது.

ஆகவே தேர்வின் வரிசை இப்படி அமைய வேண்டும். முதலில் வண்டி செய்யப்போகும் வேலை: எவ்வளவு பாரம், எந்த மலை, எவ்வளவு மெதுவாக. அடுத்து அதற்கு வேண்டிய மொத்தக் குறைப்பு: முதல் கியர், லோ, அச்சு மூன்றையும் பெருக்கிய எண். அந்த எண்ணைக் குறைக்காத டயர்தான் அந்த வண்டிக்கான டயர். விட்டம் 3 விழுக்காடு வரை கூடினால் அச்சைத் தொடாமல் சமாளிக்கலாம். 5 விழுக்காட்டுக்கே ஜீப் நிறுவனம் பல்லை மாற்றியிருக்கிறது என்பதை அங்கே நினைவில் கொள்ள வேண்டும். 3 விழுக்காட்டுக்கு மேல் போக விரும்புபவர் டயருக்கு ஒதுக்கும் பணத்தோடு கிரவுன் பினியனுக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த டயரை வாங்கக் கூடாது.

பல்லை மாற்றுவதும் பொறுமை வேண்டும் வேலை. முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும், ஒன்றில் 4.88, மற்றதில் 5.38 என்றால் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்ட மாத்திரத்தில் வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டும். கிரவுன் வீலும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. உக்கடம் போன்ற இடங்களில் பழைய அச்சுகளைத் தேடி வாங்குவோர் ஒரு வண்டியின் பினியனையும் இன்னொரு வண்டியின் கிரவுன் வீலையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் சில நாளிலேயே ஊளையிடத் தொடங்கிப் பற்கள் உதிரும். பினியனின் ஆழம், பல்லிடைத் தளர்வு, பேரிங்கின் இறுக்கம் மூன்றையும் ஷிம் வைத்து அளந்து, பல்லில் சாயம் பூசிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்த பிறகே மூட வேண்டும். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுப்பது வீண்.

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக உறுதிப்படுத்தியது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பவற்றில் டயரின் அளவும் ஒன்று.

பழைய ஜீப் வைத்திருப்பவருக்கு 43-க்கு 8 பல்லும், 29 அங்குலத்துக்குள் அடங்கும் குறுகிய டயரும் போதும். கொங்கு நாட்டில் அந்த வண்டி போக முடியாத நியாயமான இடம் எதுவும் இல்லை. ஜிப்ஸி, ஜிம்னி போன்ற சிறிய பெட்ரோல் என்ஜின் வண்டிகளில் தொழிற்சாலை அளவைத் தாண்டுவது தவறு. புதிய தாரில், அதற்கென்று செய்த ஆழமான கிரவுன் பினியன் இரண்டு அச்சுக்கும் கையில் கிடைக்காத வரை, 255/65 ஆர் 18 அல்லது 245/75 ஆர் 16 என்ற மகிந்திராவின் அளவுகளிலேயே நிற்க வேண்டும். மாற்ற வேண்டுமானால் அதே அளவில் நல்ல கட்டைகளும் கெட்டியான பக்கச்சுவரும் உள்ள டயரை வாங்கலாம். டயர் கடைக்குப் போகுமுன் பழைய விட்டம், புதிய விட்டம், அச்சு விகிதம் ஆகிய மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். கடைக்காரர் அந்தக் கணக்கைப் போட்டுத் தர மாட்டார்.